பிள்ளை பார்க்கும் வீட்டில் இன்னும் இருவருக்கு இடமுண்டா?

கேள்வி: கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டு வருடங்களாக வீட்டில் பிள்ளை பார்க்கிறேன். இப்போது நால்வர் வருகிறார்கள்: 11 மாதக் குழந்தை ஒன்று, 18 மாதக் குழந்தை ஒன்று, இரண்டரை வயதுச் சிறுமி, பள்ளி விட்டு வரும் 6 வயதுப் பையன். என் மகனுக்கு 3 வயது 8 மாதம். கணவரின் தாய்க்கு 71 வயது, கூடமாட உதவுகிறார். கணவரின் தம்பி பேஸ்மென்டில் இருக்கிறார். இப்போது ஒரு தோழி தன் 14 மாத இரட்டையரையும் என்னிடமே விடப்போவதாகச் சொல்லி அழுகிறாள். அவளுடைய மகப்பேற்று விடுப்பு அடுத்த மாத இறுதியில் முடிகிறது. ‘நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், ஆளுக்கு ஐந்து பார்க்கலாம்’ என்கிறார் ஒருவர். ‘லைசன்ஸ் எடுத்தால் எத்தனை பேரையும் பார்க்கலாம்’ என்கிறார் இன்னொருவர். ‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்பவர்களும் உண்டு. லைசன்ஸ் எடுப்பது எப்படி? வீட்டில் எதை மாற்ற வேண்டும்? மாமி குழந்தைகளை ஏணையில் ஆட்டித் தூங்க வைப்பார், அது பிழையா? கணவர் கராஜில் புகைப்பார். மூன்றேகாலுக்கு நான் பள்ளிக்குப் போய்ப் பையனைக் கூட்டி வருவேன். அந்த இருபது நிமிடம் மற்றவர்களை மாமி பார்ப்பார். சில நாள் சின்னவனைக் காரில் கொண்டுபோவேன். தூங்கிவிட்டால் எழுப்ப மனம் வருவதில்லை.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இரட்டையரை இன்று எடுக்க முடியாது. இருவரில் ஒருவரைக்கூட எடுக்க முடியாது. உங்கள் வீடு ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

‘நால்வர் வருகிறார்கள்’ என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் கணக்கு வழுக்குகிறது. ஒன்ராறியோவில் உரிமம் இல்லாமல் வீட்டில் பிள்ளை பார்ப்பவர் 13 வயதுக்குக் குறைந்த ஐந்து பேரை மட்டுமே பார்க்கலாம். அந்த ஐவரில் 2 வயது நிரம்பாதவர்கள் மூவருக்கு மேல் இருக்கக்கூடாது. சொந்தப் பிள்ளைக்கு 4 வயது ஆகும்வரை அதையும் இந்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். உங்கள் மகனோடு ஐந்து. பள்ளிப் பையன் மாலையில் கொஞ்ச நேரம்தானே இருக்கிறான் என்று நினைக்கலாம். அவன் வாசலில் சப்பாத்தைக் கழற்றும் நேரத்திலிருந்து அவனும் ஒருவன். இரட்டையர் வந்தால் ஏழு. இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் நால்வர். இரண்டு வரம்பும் ஒரே காலையில் உடைந்துவிடும்.

மாமி இருப்பதால் எண்ணிக்கை கூடாது. ஐந்து என்பது வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல. ஒரு வீட்டில் நான்கு பெரியவர்கள் நின்று பார்த்தாலும் ஐந்துதான். ஆளுக்கு ஐந்து என்ற கதை எங்கள் சமூகத்தில் எப்படிப் பரவியதோ தெரியாது, வருடத்துக்குப் பத்துக் கடிதத்திலாவது அதைப் படிக்கிறேன்.

இன்னொரு கதையும் உண்டு. உறவினர் பார்த்தால் சட்டம் தலையிடாது என்பது உண்மை. பாட்டி, மாமா, சித்தி, ஒன்றுவிட்ட அண்ணன், பாட்டியின் தங்கை வரைக்கும் சட்டம் உறவாக ஏற்கிறது. ஆனால் அது இரத்தத்தாலோ திருமணத்தாலோ தத்தெடுப்பாலோ வந்த உறவாக இருக்க வேண்டும். தோழியின் பிள்ளைகள் உங்களைச் சித்தி என்று கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டு அன்ரியும் எங்களுக்கு அன்ரிதான், கோயிலில் ஒருமுறை பார்த்தவரும் அன்ரிதான். சட்டத்துக்கு அவ்வளவு தாராள மனது இல்லை.

இப்போது லைசன்ஸ். உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்: ஒன்ராறியோவில் உங்கள் பெயரில், உங்கள் வீட்டுக்கு என்று ஒரு உரிமம் கிடையாது. உரிமம், வீடுகளில் பிள்ளை பார்ப்பவர்களை மேற்பார்வை செய்யும் ஏஜென்சிக்குத்தான். கல்வி அமைச்சு ஏஜென்சிக்கு உரிமம் கொடுக்கிறது, ஏஜென்சி உங்கள் வீட்டைப் பார்த்து, உங்களோடு ஒப்பந்தம் செய்து, தன் மேற்பார்வையில் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே வீட்டில் பிள்ளை பார்க்கச் சட்டப்படி இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இப்போது நீங்கள் இருப்பதுபோல் உரிமமில்லாமல் ஐந்து பேருக்குள் பார்ப்பது. அது குற்றமல்ல, பலர் ஒளித்துப் பேசுவதுபோல் பேச வேண்டியதில்லை. மற்றது ஏஜென்சியில் சேர்வது. அங்கே உச்சவரம்பு 6. அதிலும் 2 வயதுக்குக் குறைந்தவர்கள் 3 பேர்தான், 4 வயதுக்குக் குறைந்த சொந்தப் பிள்ளையும் கணக்கில் உண்டு. ‘எத்தனை பேரையும் பார்க்கலாம்’ என்றவரிடம் அந்த ஒரே ஒரு கூடுதல் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள்.

உரிமமில்லாதவருக்கும் கடமைகள் உண்டு. ‘இந்தப் பிள்ளைப் பராமரிப்பு ஒன்ராறியோ அரசின் உரிமம் பெற்றதல்ல’ என்று பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதைத் தெரிவித்ததற்கான பதிவை இரண்டு வருடங்கள் வைத்திருக்க வேண்டும். உங்கள் நான்கு குடும்பங்களுக்கும் அப்படிக் கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால் இந்த வாரமே கொடுங்கள், ஒரு பிரதியில் கையொப்பம் வாங்கி வையுங்கள். பெற்றோர் எந்த நேரத்திலும் வந்து தங்கள் பிள்ளையைப் பார்க்கலாம், பிள்ளை இருக்கும் இடத்தையும் பார்க்கலாம். மறுக்க உங்களுக்கு உரிமை இல்லை. பற்றுச்சீட்டுக் கேட்டால் இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்பதற்கு வருகிறேன். 2013 ஜூலையில் ரொறன்ரோவுக்கு வடக்கே வான் நகரில், உரிமமில்லாத வீட்டு டேகேர் ஒன்றில், இரண்டு வயதுச் சிறுமி வெயிலில் நின்ற காருக்குள் விடப்பட்டு இறந்துபோனாள். அந்த வீட்டில் அனுமதிக்கப்பட்ட ஐந்தைப்போல் பல மடங்கு பிள்ளைகள் இருந்தார்கள். முன்பே முறைப்பாடுகள் போயிருந்தும் அமைச்சு அவற்றை ஒழுங்காகப் பின்தொடரவில்லை. அரசு அமைப்புகள் மீதான முறைப்பாடுகளை ஆராயும் மாகாண ஒம்பட்ஸ்மன் இதை விசாரித்து 2014இல் 113 பரிந்துரைகளோடு அறிக்கை வெளியிட்டார். அதே வருடம் நிறைவேறிய பிள்ளைப் பராமரிப்பு, முற்பருவச் சட்டம் 2015 ஆகஸ்ட் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. நீங்களும் நானும் இப்போது பேசும் எண்கள் அந்தச் சட்டத்தில் இருப்பவை. அமைச்சின் அதிகாரிகள் நிர்வாகத் தண்டமாக 100,000 டொலர் வரை விதிக்கலாம். வழக்குப் போட்டுக் குற்றம் உறுதியானால் 250,000 டொலர் வரை தண்டம், ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அமைச்சுக்கு யார் முறைப்பாடு செய்கிறார்கள்? நான் பார்த்தவரை அயலவர் குறைவு. கட்டணத்தில் மனத்தாங்கல் வந்து பிள்ளையை நிறுத்திய பெற்றோர்தான் அதிகம். இன்று அழுதுகொண்டு வருபவர் ஒரு வருடம் கழித்துக் கோபத்தோடு போகவும் கூடும். அதையும் விடப் பெரிய சிக்கல் காப்புறுதி. ஆறாவது பிள்ளை இருக்கும் நாளில் மூன்றாவது பிள்ளை படியில் விழுந்து கையை முறித்தாலும், காப்புறுதி நிறுவனம் முதலில் எண்ணுவது தலைகளைத்தான்.

வான் நகரத்துச் சம்பவத்தை உங்களைப் பயமுறுத்த இழுத்துவரவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்காகத்தான் எழுதினேன். ‘எழுப்ப மனம் வருவதில்லை’ என்று எழுதி அத்தோடு நிறுத்திவிட்டீர்கள். நிறுத்தாமல் நான் முடிக்கிறேன்: குழந்தையைக் காரில் விட்டுவிட்டுப் பள்ளி வாசலுக்கு நடக்கிறீர்கள், அல்லது வீடு வந்ததும் கராஜ் முன்னால் காரிலேயே தூங்க விடுகிறீர்கள். இரண்டும் வேண்டாம். ஜூன் மாத வெயில் மட்டும் அல்ல, மிதமான நாளிலும் மூடிய காருக்குள் வெப்பம் நிமிடக் கணக்கில் ஏறும். வீட்டுக்குள்ளே தூக்கி வந்து கார் இருக்கையிலேயே தூங்க விடுவதும் சரியல்ல. உட்கார்ந்த நிலையில் தலை முன்னே சாய்ந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடலாம். எழுப்பினால் அழுவான். அழட்டும்.

அந்த இருபது நிமிடம் மாமியிடம் விடுவதும் ஏஜென்சி வீட்டில் நடக்காது. அங்கே பொறுப்பாளர் நீங்கள். ஏஜென்சி அனுமதித்த மாற்றாள் அல்லாத ஒருவரிடம் பிள்ளைகளை விட்டுப் போக முடியாது. பள்ளி நடக்கும் தூரம் என்றால் இருவர் உட்காரும் தள்ளுவண்டியில் சின்னவர்களை வைத்து, மற்ற இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு எல்லோருமாகப் போங்கள். நடக்கும் தூரமில்லை என்றால் அந்தப் பையனின் பெற்றோர் வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், உங்கள் வீட்டில் அதிகச் சிக்கல் தரும் பிள்ளை 11 மாதக் குழந்தை அல்ல, இந்த 6 வயதுக்காரன்தான். ஒரு மணி நேர வருமானத்துக்காக முழு வீட்டின் மாலையும் அவனைச் சுற்றி ஓடுகிறது. ஏஜென்சியில் சேர்ந்தால் 2024 ஜனவரி முதல் உள்ள இன்னொரு விதியும் வரும்: வர வேண்டிய பிள்ளை வராவிட்டால் யாரை, எப்போது அழைப்பது என்று எழுதி வைத்து, அதன்படி நடக்க வேண்டும். உரிமம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

ஏஜென்சியில் சேர விரும்பினால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். பதினான்கு வருடங்கள் நான் ஒரு ஏஜென்சியின் வீட்டுப் பார்வையாளராக இருந்தேன், மேசையின் மறுபக்கத்தில்.

முதலில் பொலிஸ் சோதனை. எளிதில் பாதிப்புக்குள்ளாகக் கூடியவர்களோடு வேலை செய்பவர்களுக்கான விரிவான சோதனை அது. உங்களுக்கு மட்டும் அல்ல. 18 வயது நிரம்பி அந்த வீட்டில் வசிக்கும் எல்லோருக்கும், வழக்கமாக வந்து தங்குபவர்களுக்கும். கணவர், மாமி, பேஸ்மென்டில் இருக்கும் தம்பி. ‘தம்பிக்குத் தனி வாசல், அவர் மேலே வருவதே இல்லை’ என்ற வாதத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சில ஏஜென்சிகள் கதவும் பூட்டும் எப்படி இருக்கின்றன என்று பார்த்து முடிவெடுக்கும், பெரும்பாலானவை பொலிஸ் சோதனைக் கடிதத்தையே கேட்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், இடைப்பட்ட வருடங்களில் குற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தம்பியிடம் இன்றே பேசிவிடுங்கள். விண்ணப்பங்கள் அதிகம் தங்கி நிற்பது இப்படிப்பட்ட ஒரு கடிதத்தால்தான்.

குழந்தை, சிறுபிள்ளை உயிர்மீட்புப் பயிற்சியோடு சேர்ந்த முதலுதவிச் சான்றிதழ் உங்களுக்கு வேண்டும். உங்களுக்கான மருத்துவப் பரிசோதனையும் தடுப்பூசிகளும் உள்ளூர் பொதுச் சுகாதாரப் பிரிவு சொல்லும்படி. அதன் பிறகு வீட்டுப் பார்வையாளர் வருவார். தொடங்குமுன் ஒருமுறை, பிறகு காலாண்டுக்கு ஒருமுறையாவது, சொல்லாமல்.

சொல்லாமல் வருவது என்றால் நம் வீடுகளில் உடனே பதற்றம். ஹோல் பளபளவென்று இருக்கும், தேநீர் வரும், வடை வரும். நான் ஹோலைப் பார்ப்பதே இல்லை. குளியலறை அலமாரியைத் திறப்பேன், அடுப்புக்குக் கீழே உள்ள இழுப்பறையை இழுத்துப் பார்ப்பேன், படிக்கட்டுக் கதவு பூட்டுகிறதா என்று ஆட்டிப் பார்ப்பேன், புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்துவேன். கார்பன் மொனொக்சைடு கருவி படுக்கையறைப் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருமுறை ஒரு வீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. மருந்து அலமாரிக்குப் பூட்டு, சவர்க்காரத் தூளுக்குப் பூட்டு. திரும்பிப் பார்த்தால் இரண்டு வயதுப் பையன் பாட்டியின் கைப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டு இருந்தான். வெளியே எடுத்தது இரத்த அழுத்த மாத்திரை அட்டை. ஒன்றும் நடக்கவில்லை, அட்டை பிரியவில்லை. பாட்டிமாரின் கைப்பையும் படுக்கை அருகே உள்ள மேசையும் பெரியவர்களுடைய இடங்கள், ஆகவே யார் கண்ணிலும் படாது. உங்கள் மாமிக்கு 71 வயது என்றதுமே எனக்கு அந்தக் கைப்பைதான் நினைவுக்கு வந்தது. அவருக்கு ஒரு பூட்டுள்ள பெட்டி வாங்கிக் கொடுங்கள், சாவியும் அவரிடமே இருக்கட்டும்.

ஏணை பற்றிக் கேட்டீர்கள். பிழையா என்றால், உங்கள் மகனை மாமி ஏணையில் வளர்த்ததைப் பற்றி நான் பேச வரவில்லை. நானும் சேலை ஏணையில் வளர்ந்தவள்தான், விட்டத்தில் கட்டிய கயிறு கிறீச்சிடும் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஆனால் மற்றவர் பிள்ளையை அதில் போட வேண்டாம். ஏணையில் உடல் வளைந்து தாடை நெஞ்சில் படும், துணி முகத்தின் இருபக்கமும் சேரும், புரண்டால் மீள இடமில்லை. கனடிய சுகாதார அமைச்சும் குழந்தை மருத்துவர்களும் சேர்ந்து வெளியிட்ட பாதுகாப்பான உறக்க வழிகாட்டுதல் சொல்வது: தட்டையான, உறுதியான மெத்தை, ஒரு வயதுக்குள் மல்லாக்கப் படுக்க வைத்தல், தொட்டிலுக்குள் தலையணை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் கூடாது. ஏஜென்சி வீட்டில் இது அறிவுரை அல்ல, விதி. தூங்கும் குழந்தையை இடையிடையே நேரில் போய்ப் பார்த்துக் குறித்து வைக்கவும் வேண்டும். கமெராவில் பார்ப்பது நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது. தொட்டில் யாராவது கொடுத்த பழையது என்றால் பக்கக் கம்பி இறங்குகிறதா என்று பாருங்கள். கீழே இறங்கும் பக்கமுள்ள தொட்டில்களின் விற்பனைக்குக் கனடாவில் 2016 முடிவிலிருந்து தடை. சக்கரம் வைத்த நடைபழகி வண்டி வீட்டில் இருந்தால் அதையும் அப்புறப்படுத்துங்கள். அதை விற்பதும் இறக்குமதி செய்வதும் 2004 ஏப்ரலிலிருந்து தடை, பழையதை விற்பதும் அதில் அடங்கும். ஊரிலிருந்து பெட்டியில் வந்திறங்கும் நடைபழகிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாமியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். ‘உங்களுக்குத் தெரியாது மாமி’ என்று தொடங்காதீர்கள். ஏஜென்சிக்காரர் இப்படிச் சொல்கிறார் என்று பழியை எங்கள் மேல் போடுங்கள். அதற்காகத்தானே நாங்கள் இருக்கிறோம். ஆட்டும் வேலை போனால் அவருக்குக் கதை சொல்லும் வேலை கொடுங்கள். தமிழ் கேட்டு வளர்வதற்காகவே உங்களிடம் பிள்ளையை விடும் பெற்றோர் இருப்பார்கள்.

சாப்பாட்டில் அவரை இன்னும் கவனமாகப் பாருங்கள். உரிமத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட செயல்களின் பட்டியலில் அடிப்பது, கட்டி வைப்பது, பூட்டி வைப்பது, அவமானப்படுத்துவது, உணவோ உறக்கமோ மறுப்பது எல்லாம் இருக்கின்றன; யாரும் அவற்றை மறுத்துப் பேசப்போவதில்லை. அதே பட்டியலில் பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக உண்ணவோ குடிக்கவோ வைப்பதும் இருக்கிறது. இதைப் படித்துக் காட்டினால் நம் வீடுகளில் ஒரு நிமிடம் அமைதி நிலவும். இடுப்பில் வைத்து, நிலாவைக் காட்டி, காக்காவைக் காட்டி, ‘இன்னும் ஒரே ஒரு வாய்’ என்று வாய்க்குள் திணித்து வளர்ந்த கூட்டம் நாம். பிள்ளை தலையைத் திருப்பினால் கிண்ணத்தை வையுங்கள். அவ்வளவுதான். எவ்வளவு சாப்பிட்டது என்று மாலையில் தாயிடம் உள்ளதைச் சொல்லுங்கள், ‘நன்றாகச் சாப்பிட்டான்’ என்று பொய் வேண்டாம்.

ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம், நாக்கில் தொட்டு வைக்கும் அளவும் வேண்டாம். அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். முழுத் திராட்சையை நீளவாட்டில் நான்காக வெட்டுங்கள். கச்சான், முறுக்கு, மிக்ஸர் சின்னவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஒவ்வாமை உள்ள பிள்ளை யாராவது வந்தால் கச்சான் வீட்டிலேயே வேண்டாம்.

கணவரின் புகை. ஏஜென்சி வீடாகிவிட்டால் அங்கே புகைப்பதற்கும் வேப் செய்வதற்கும் முழுத் தடை. பிள்ளைகள் இல்லாத இரவிலும், ஞாயிற்றுக்கிழமையிலும், விருந்து நாளிலும். கராஜ் வீடில்லையே என்ற வாதத்தைப் பார்வையாளரிடம் வைக்காமல் இருப்பது நல்லது. அவரால் முடியாது என்றால் ஏஜென்சிக்கு விண்ணப்பிக்குமுன் அதை நீங்கள் இருவரும் பேசி முடிக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். ஆறு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் பிள்ளை, வானிலை இடம்கொடுத்தால், தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியே இருக்க வேண்டும். ஸ்காபரோ ஜனவரியை வைத்துக்கொண்டு ‘வானிலை’ என்று நீட்டாதீர்கள், பனியுடுப்பு அதற்குத்தான். பின்வளவில் காற்றடிக்கும் சிறு நீர்த்தொட்டி வைத்திருந்தால் ஏஜென்சி வீட்டில் 6 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அது கிடையாது. வீட்டுக்காரருக்கும் வீட்டுக் காப்புறுதிக்கும் நீங்கள் பிள்ளை பார்ப்பதை எழுத்தில் அறிவியுங்கள். ஒரு பிள்ளைக்கு யாரோ தீங்கு செய்கிறார்கள் என்று நியாயமான சந்தேகம் வந்தால் உடனே சிறுவர் உதவிச் சங்கத்துக்கு நீங்களே அழைக்க வேண்டும். கணவரிடமோ ஏஜென்சியிடமோ சொல்லிவிட்டதால் உங்கள் கடமை தீராது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காததால்தான் சொல்கிறேன். கையில் காசாக வாங்கிப் பற்றுச்சீட்டு இல்லாமல் பார்ப்பது நம்மிடையே வழக்கம். உங்கள் பற்றுச்சீட்டில் உங்கள் சமூகக் காப்புறுதி எண் இருந்தால்தான் பெற்றோர் 7 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வருடம் 8,000 டொலர் வரை வரியில் கழிக்க முடியும். நீங்கள் சுயதொழிலாளராகக் கணக்குக் காட்டினால் வீட்டு வாடகையிலும் மின்சாரத்திலும் சாப்பாட்டிலும் ஒரு பகுதியைச் செலவாகக் கழிக்கலாம். மீதம் வருவது பலர் பயப்படுவதைவிடக் குறைந்த வரி. ஏஜென்சிக்குப் போனால் பெற்றோருக்கு இன்னொரு பெரிய ஆதாயம்: ‘பத்து டொலர் டேகேர்’ என்று எல்லோரும் சொல்லும் கூட்டாட்சித் திட்டத்தில் சேர்ந்துள்ள ஏஜென்சி என்றால், 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 2025 ஜனவரி முதல் பெற்றோர் கட்டுவது நாளுக்கு 22 டொலருக்கு மேல் இல்லை. பெயரில் பத்து இருந்தாலும் இன்னும் பத்துக்கு வரவில்லை. உரிமமில்லாத வீட்டுக்கு இந்தச் சலுகை கிடைக்காது. ஏஜென்சி உங்களுக்கு நாள் ஒன்றுக்கு எவ்வளவு தரும், பிள்ளை வராத நாளுக்குத் தருமா, உங்கள் விடுமுறைக்கு என்ன என்பதை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் கேளுங்கள். ஏஜென்சிக்கு ஏஜென்சி மாறும். குறைந்தது மூன்றிடம் கேளுங்கள்.

இனி உங்கள் தோழி. காலண்டரை எடுங்கள். நான்கு மாதத்தில் உங்கள் மகனுக்கு 4 வயது. அவன் கணக்கிலிருந்து வெளியேறுவான். அன்று உரிமமில்லாமலேயே ஒரு இடம் திறக்கும். ஆனால் இரட்டையரில் ஒருவரை எடுத்து மற்றவரை என்ன செய்வது? ஆறு மாதத்தில் இப்போது 18 மாதமாக உள்ள குழந்தைக்கு 2 வயது. அன்று நீங்கள் ஏஜென்சியில் இருந்தால், இப்போதுள்ள நால்வரும் இரட்டையரும் சேர்ந்து ஆறு பேர், 2 வயதுக்குக் குறைந்தவர்கள் சரியாக மூவர். இரண்டு வரம்பும் விளிம்பில் பொருந்துகின்றன. விண்ணப்பம், பொலிஸ் கடிதங்கள், முதலுதவிப் பயிற்சி, வீட்டுச் சோதனை எல்லாவற்றுக்கும் ஆறு மாதம் தாராளம். உங்கள் வீட்டைப் பார்த்த பிறகு ஏஜென்சி ஆறுக்குக் குறைவான எண்ணிக்கையைத் தரவும் கூடும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். ஆகவே தோழியிடம் இப்போதே வாக்குக் கொடுக்காதீர்கள்.

அந்த ஆறு மாதத்துக்கு அவள் என்ன செய்வாள்? மாகாண வேலைத்தரச் சட்டத்தின் கீழ் வரும் வேலை என்றால், பிள்ளை பெற்ற தாய்க்கு 17 வாரம் மகப்பேற்று விடுப்பும் அதைத் தொடர்ந்து 61 வாரம் வரை பெற்றோர் விடுப்பும் உண்டு. மொத்தம் 78 வாரம், கிட்டத்தட்ட 18 மாதம். இரட்டையருக்கு இப்போது 14 மாதம். அவளுடைய விடுப்பு முடிவதற்குக் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவித்தால் அதை நீட்டலாம், வேலை காக்கப்படும். அடுத்த மாத இறுதி என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே நாள் இருக்கிறது, அதிகம் இல்லை. தந்தைக்கும் 63 வாரம் வரை தனி விடுப்பு உரிமை உண்டு, குழந்தை பிறந்து 78 வாரத்துக்குள் அவர் அதைத் தொடங்க வேண்டும். தாயின் விடுப்பு முடியும் வாரத்தில் தந்தை எடுத்தால் மீதி இரண்டு மாதமும் நிரம்பும். அந்த மாதங்களில் அரசுப் பணம் வருமா என்பது அவர்கள் முதலில் தேர்ந்தெடுத்த திட்டத்தைப் பொறுத்தது. அவளிடம் இன்று மாலையே சொல்லுங்கள், நான்கு வார அறிவித்தல் தாமதித்தால் நழுவிவிடும். கடிதத்தில் குழந்தைகள் பிறந்த தேதியைச் சரியாகப் போடச் சொல்லுங்கள். தந்தை விடுப்பைத் தொடங்க வேண்டிய 78 வாரத்தை அதிலிருந்துதான் எண்ணுவார்கள்.